ஆமாம், இல்லை, சரி சரி: தலை திரும்பும்போது காதுக்குள் நடப்பது

சிங்கப்பூரில் என்னோடு வேலை பார்க்கும் சீன நண்பர் ஒருவருக்குப் பல வருடமாகத் தீராத சந்தேகம் ஒன்று உண்டு. கூட்டத்தில் அவர் ஏதாவது சொல்லும்போது நான் தலையை இந்தத் தோளுக்கும் அந்தத் தோளுக்குமாக லேசாக ஆட்டுவேன். "ஆமாமா, இல்லையா?" என்று கேட்பார். இரண்டும் இல்லை, 'சரி சரி, மேலே சொல்லுங்கள்' என்று அர்த்தம் என்று எத்தனையோ முறை விளக்கிவிட்டேன். இன்னும் நம்பவில்லை.

அவரைக் குழப்பும் அந்த ஆட்டத்தை வைத்தே காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பை விளக்கிவிடலாம். நண்பரின் கணக்கில் தலையாட்டல் இரண்டு வகை. மேலும் கீழும் போனால் ஆமாம், இடமும் வலமும் போனால் இல்லை. நமக்கு மூன்றாவதாக ஒன்று, காது தோளை நோக்கிச் சாய்கிற அந்தச் 'சரி சரி'. தலை சுழல்வதற்கு உள்ள அச்சுகளும் மூன்றேதான். ஒவ்வொரு காதுக்குள்ளும் அதற்குத் தோதாக மூன்று அரைவட்டக் குழல்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் சின்ன மூக்கு வளையம் அளவு, குறுக்கே சுமார் ஆறரை மில்லிமீட்டர். உடம்பிலேயே மிகக் கெட்டியான எலும்புகளில் ஒன்றைக் குடைந்து அதற்குள் வைத்ததுபோல உட்கார்ந்திருக்கின்றன. அறையின் மூலையில் இரண்டு சுவரும் தரையும் சந்திக்கிற மாதிரி, மூன்றும் ஏறக்குறைய ஒன்றுக்கொன்று செங்குத்து.

இடமும் வலமும் சேர்த்து மொத்தம் ஆறு. கணக்குப்படி மூன்றே போதும். பின்னே எதற்கு ஆறு? தலைசுற்றல் என்ற விவகாரம் முழுவதும் இந்தக் கேள்விக்குள் அடங்கியிருக்கிறது என்பது என் எண்ணம்.

முதலில் ஒரு குழலை மட்டும் பார்ப்போம். அடுத்த முறை காப்பிக்கடையில் தே தாரிக் என்ற நுரைத் தேநீர் வாங்கினால், நுரை கொஞ்சம் அடங்கும்வரை காத்திருங்கள். மேலே ஒரு பெரிய குமிழியைக் குறி வைத்துக்கொண்டு, கோப்பையைச் சட்டென்று கால் சுற்று திருப்புங்கள். கோப்பை திரும்பும். குமிழி இருந்த இடத்திலேயே நிற்கும். அரைவட்டக் குழலுக்குள்ளும் இதேதான் நடக்கிறது. தலையோடு குழலின் சுவர் திரும்பிவிடும், உள்ளே நிரம்பியிருக்கும் அகநிணநீர் என்ற திரவம் பின்தங்கிவிடும். குழல் ஓரிடத்தில் குடுவைபோல் உப்பியிருக்கிறது. அந்த உப்பலைக் குறுக்கே அடைத்தபடி அகர் அகர் மாதிரி ஒரு கொழகொழப்பான திரை நிற்கிறது. பெயர் கியூப்புலா. பின்தங்கிய நீர் இந்தத் திரையை ஒரு பக்கமாகத் தள்ளும். திரைக்குள் செருகியிருக்கும் நுண்மயிர்கள் வளையும். மயிர்ச்செல்கள் அந்த வளைவை நரம்புத் துடிப்பாக மாற்றும். திரை வளைவது கண்ணுக்கே தெரியாத அளவு. அது போதும்.

தலை ஆடாமல் இருக்கும்போது இந்த நரம்புகள் ஓய்வெடுக்கும் என்று நினைத்தால் தப்பு. குரங்குகளில் அளந்து பார்த்ததில், அசையாத தலையிலும் ஒரு நரம்பிழை விநாடிக்குச் சுமார் 90 துடிப்புகளை அனுப்பிக்கொண்டே இருந்தது. திரை ஒரு பக்கம் வளைந்தால் இந்த எண்ணிக்கை ஏறும், மறுபக்கம் வளைந்தால் இறங்கும். சும்மா இருக்கும்போதும் பேசிக்கொண்டே இருப்பதால்தான், குரலைத் தாழ்த்தியும் ஒரு செய்தியைச் சொல்ல முடிகிறது.

இனி இரண்டு காதையும் சேர்த்துப் பார்க்கலாம். தலையை வலப்பக்கம் திருப்புகிறீர்கள். வலது காதில் ஏறக்குறைய கிடையாக அமைந்த குழலில் (கிடைக்குழல்) நீர் குடுவையை நோக்கித் தள்ளும், துடிப்பு ஏறும். இடது காதின் கிடைக்குழல் கண்ணாடியில் தெரியும் பிம்பம்போல் எதிராக அமைந்திருப்பதால், அங்கே நீர் குடுவையை விட்டு விலகும், துடிப்பு இறங்கும். ஒன்று 90லிருந்து மேலே போகும் அதே நேரத்தில் மற்றது 90லிருந்து கீழே வரும். தயிர் கடைகிற மத்தை நினைத்துக்கொள்ளுங்கள். கயிற்றின் ஒரு முனையை வலது கை இழுக்க, இடது கை விட்டுக்கொடுக்க வேண்டும். இரண்டும் சேர்ந்து இழுத்தால் மத்து சுற்றாது. மூளைத்தண்டு படிப்பது இந்த இழுப்புக்கும் விடுப்புக்கும் உள்ள வித்தியாசத்தைத்தான். போதாததற்கு இரண்டு பக்க நரம்புக் கருக்களும், அதாவது நரம்புச் செல் கூட்டங்களும், குறுக்கிழைகளால் பிணைந்திருக்கின்றன. ஒரு பக்கம் உரக்கப் பேச ஆரம்பித்தால் மறுபக்கத்தை இன்னும் அமுக்கும். வித்தியாசம் பெருக்கிக் காட்டப்படும்.

'இல்லை' என்று தலையாட்டுவது இந்தக் கிடைக்குழல் ஜோடியின் வேலை. மற்ற நான்கும் செங்குத்துக் குழல்கள், முன்னே ஒன்று பின்னே ஒன்று. இவற்றின் ஜோடிப் பொருத்தம் குறுக்காக இருக்கும். வலது காதின் முன்குழலுக்கு ஜோடி இடது காதின் பின்குழல், இடது முன்குழலுக்கு வலது பின்குழல். ஏனென்றால் இவை முகத்துக்கு நேராக நிற்காமல் சுமார் 45 பாகை திரும்பி நிற்கின்றன. 'ஆமாம்' என்று முகவாயைத் தாழ்த்தினால் இரண்டு முன்குழல்களும் ஏறும், இரண்டு பின்குழல்களும் இறங்கும். நம்முடைய 'சரி சரி' வேறு ரகம். தலை வலது தோளுக்குச் சாய்ந்தால் வலது காதின் முன்னும் பின்னும் இரண்டுமே ஏறும், இடது காதின் இரண்டும் இறங்கும். அடுத்த அரை நொடியில் எல்லாம் தலைகீழ். கூட்டத்தில் நண்பர் பேசப்பேச என் காதுக்குள் நான்கு குழல்கள் ஆளுக்கொரு பக்கம் மத்து கடைந்துகொண்டிருக்கின்றன.

மூளை வித்தியாசத்தைத்தான் படிக்கிறது என்பதற்கு வியன்னாவில் ஒரு காது கழுவும் அறையில் ஆதாரம் கிடைத்தது. ராபர்ட் பாரனி என்ற மருத்துவர் நோயாளிகளின் காதில் நீர் பீய்ச்சிச் சுத்தம் செய்துகொண்டிருந்தார். தண்ணீர் ஜில்லென்று இருந்தால் தலை சுற்றுகிறது என்று ஒருவர் புகார் சொன்னார். நீரைச் சூடாக்கச் சொன்னார் பாரனி. சூடு கூடிப்போனது. அப்போதும் சுற்றியது, ஆனால் தலைசுற்றலோடு கண்கள் தாமாகத் துள்ளிய திசை நேர் எதிராக மாறியிருந்தது. காது ஓட்டையை ஒட்டி இருக்கும் கிடைக்குழலில் சூடுபட்ட நீர் லேசாகி மேலே எழுகிறது, குளிர்பட்டது கனத்துக் கீழே இறங்குகிறது, அந்த ஓட்டத்தைத் தலை திரும்பியதாகக் காது எடுத்துக்கொள்கிறது என்று அவர் விளக்கினார். (1983இல் ஸ்பேஸ்லாப் விண்கூடத்தில் எடையில்லாத நிலையிலும் இந்தச் சோதனைக்குக் கண்கள் துள்ளின. ஆகவே நீரோட்டம் மட்டுமே முழுக் காரணம் இல்லை.) 1914ஆம் ஆண்டுக்கான நோபல் பரிசு அவருக்குத்தான் என்ற செய்தி வந்தபோது பாரனி ரஷ்யர்களிடம் போர்க்கைதியாக இருந்தார்.

இதில் கவனிக்க வேண்டியது இது: ஒரே சூட்டில் உள்ள நீரை இரண்டு காதிலும் ஒரே நேரத்தில் விட்டால், ஆரோக்கியமானவருக்கு ஏறக்குறைய ஒன்றும் ஆகாது. இரண்டு பக்கமும் ஒரே அளவு ஏறினால் கழித்துப் பார்க்கும்போது மிச்சம் பூஜ்யம். ஆறு குழல் எதற்கு என்ற கேள்விக்குப் பாதி பதில் இங்கே கிடைத்துவிடுகிறது. இரண்டு காதையும் ஒன்றாகப் பாதிக்கிற சில்லறைத் தொந்தரவுகள் தானாகக் கழிந்துபோகும். உண்மையான திருப்பம் மட்டும் தப்பித்து நிற்கும்.

அதே ஏற்பாட்டின் மறுபக்கம் கொடுமையானது. திடீரென்று ஒரு பக்கத்து நரம்பு அழற்சி கண்டு செயலிழந்துவிட்டது என்று வையுங்கள். நல்ல காது வழக்கம்போல் 90 என்கிறது, கெட்ட காது பூஜ்யம் என்கிறது. ஆள் கட்டிலில் ஆடாமல் படுத்திருக்கிறார். மூளைக்குத் தெரிவதோ வித்தியாசம் மட்டும். நல்ல காதின் பக்கமாகத் தலை விடாமல் சுற்றிக்கொண்டே இருக்கிறது என்று அது முடிவு கட்டும். வாந்தி வரும், சுவர் ஓடும். நாள் கணக்கில், வாரக் கணக்கில் மூளைத்தண்டு தன் கணக்கைத் திருத்திக்கொள்ளும். முதல் சில நாள் தாண்டியதும் எழுந்து நடமாடினால்தான் அந்தத் திருத்தம் சீக்கிரம் நடக்கும். 'படுத்தே கிட, தலையை ஆட்டாதே' என்று நம் வீடுகளில் அன்போடு சொல்வது இந்த விஷயத்தில் உபகாரம் இல்லை.

அப்புறம், தலை திரும்பும்போது கண் என்ன செய்கிறது? வீட்டில் தமிழ் முரசு இருந்தால் கையில் எடுங்கள். தலையை ஆட்டாமல் தாளை மட்டும் விநாடிக்கு இரண்டு மூன்று முறை இடமும் வலமும் ஆட்டிப் படித்துப் பாருங்கள். எழுத்து கலங்கிப்போகும். இப்போது தாளை நிறுத்திவிட்டுத் தலையை அதே வேகத்தில் ஆட்டுங்கள். எழுத்து ஓரளவு தெளிவாகவே நிற்கும். முதல் தடவை கண் தாளைத் துரத்த வேண்டியிருந்தது. பார்த்து, புரிந்து, துரத்துவதற்கு விநாடியில் பத்தில் ஒரு பங்காவது பிடிக்கும். இரண்டாம் தடவை வேலையைக் காது பார்த்துக்கொண்டது. காதிலிருந்து மூளைத்தண்டு, அங்கிருந்து கண் தசையை ஆளும் கரு, அங்கிருந்து தசை. நடுவில் மூன்றே நரம்புச் செல்கள் கொண்ட குறுக்குவழி. தலை வலப்பக்கம் போனால் விநாடியில் நூறில் ஒரு பங்கு நேரத்துக்குள் கண்கள் அதே அளவு இடப்பக்கம் போய்விடும்.

இந்தக் குறுக்குவழிக்கும் ஓர் எல்லை உண்டு. ஏறுகிற பக்கம் 90லிருந்து பல நூறு வரை ஏறலாம். இறங்குகிற பக்கம் பூஜ்யத்துக்குக் கீழே போக முடியாது. தலையை வெடுக்கென்று திருப்பினால், விட்டுக்கொடுக்கிற காது வாயடைத்துப்போகும், இழுக்கிற காதுதான் முழுப் பாரத்தையும் தூக்கும். சிட்னியில் மைக்கேல் ஹல்மாகியும் இயன் கர்தாய்ஸும் 1988இல் இதையே ஒரு படுக்கையோரச் சோதனையாக்கினார்கள். "என் மூக்கையே பாருங்கள்" என்று சொல்லிவிட்டு மருத்துவர் நோயாளியின் தலையைச் சட்டென்று சிறிதளவு திருப்புவார். நல்ல காதின் பக்கம் திருப்பினால் பார்வை மூக்கைவிட்டு நகராது. கெட்ட காதின் பக்கம் திருப்பினால் கண்ணும் தலையோடு இழுபட்டுப் போய், பிறகு ஒரு துள்ளலில் மூக்குக்குத் திரும்பும். கருவி எதுவும் வேண்டாம், இரண்டு கையும் கவனமும் போதும்.

இதுவரை குழல்களை மட்டுமே பேசினேன். அவற்றின் அடிவாரத்தில் யூட்ரிக்கிள், சாக்யூல் என்று இரண்டு பைகள் இருக்கின்றன. இவற்றிலும் மயிர்ச்செல்கள்தான், ஆனால் மேலே ஜெல்லிப் படுக்கையில் மாவுபோல் பொடிப்பொடியான படிகங்கள் பரவியிருக்கும். முட்டையோடும் கிளிஞ்சலும் எதனால் ஆனவையோ அதே கால்சியம் கார்பனேட். படிகம் கனமானது என்பதால் புவியீர்ப்புக்குச் சரியும். தலையை நிமிர்த்தி வைத்துக்கொண்டு 'இல்லை' என்று ஆட்டினால் கீழ் எது மேல் எது என்பது மாறுவதில்லை, பைகளுக்குப் பெரிதாக வேலை இல்லை. 'ஆமாம்', 'சரி சரி' இரண்டிலும் தலை சாய்கிறது, பைகளும் பேச்சில் சேர்ந்துகொள்ளும்.

ஆனால் பைகளை மட்டும் நம்பினால் ஆபத்து. எம்ஆர்டி ரயில் நிலையத்திலிருந்து கிளம்பும்போது படிகங்கள் பின்னே சரியும். தலையைப் பின்னால் சாய்த்தாலும் அப்படியேதான் சரியும். இரண்டுக்கும் பைகளுக்கு வித்தியாசம் தெரியாது. குழல்கள்தான் பஞ்சாயத்து. தலை சாய்ந்திருந்தால் செங்குத்துக் குழல்களில் நீர் நகர்ந்திருக்கும், நகரவில்லை என்றால் ரயில்தான் கிளம்பியிருக்கிறது. கதவோரம் கம்பியைப் பிடித்துக் கண்ணை மூடி நிற்கிற ஒவ்வொருவரின் மூளைத்தண்டிலும் சிறுமூளையிலும் இந்தத் தீர்ப்பு நிலையத்துக்கு நிலையம் எழுதப்படுகிறது.

குழல்களில் இருக்கும் அகர் அகர் திரைக்கு நேர்மாறான குணம். அது சுற்றியிருக்கும் நீரின் அடர்த்தியையே தானும் கொண்டிருக்கிறது. அதனால் எந்தப் பக்கம் படுத்தாலும் தானாகச் சரியாது. இந்தப் பொருத்தம் குலைந்தால் என்ன ஆகும் என்பது பீர் அதிகமாகப் போனவர்களுக்குத் தெரியும். ரத்தத்திலிருந்து மது நீருக்குள் போவதற்கு முன்னால் திரைக்குள் போய்விடுகிறது. திரை லேசாகி, படுத்தவுடன் மிதக்கப் பார்க்கிறது. மின்விசிறி நின்றிருந்தும் கூரை சுற்றுவது அதனால்தான்.

பைகளும் குழல்களும் எல்லை தாண்டினால் நடப்பதை என் அம்மாவிடம் பார்த்தேன். ஒருநாள் விடியற்காலை கட்டிலில் வலப்பக்கம் புரண்டவர் அலறி எழுந்து அலமாரியைப் பிடித்துக்கொண்டார். பிரஷர்தான் என்று நாங்கள் முடிவு கட்டினோம். "தலை சுத்துதாம்மா?" என்று கேட்டேன். "எனக்குத் தலை சுத்தலடா, வீடுதான் சுத்துது" என்றார். அந்த ஒரு வாக்கியத்தில் நோய் முழுக்க இருந்தது. தமிழில் கண் இருட்டுவது, மயக்கம் வருவது, கிறுகிறுப்பது எல்லாவற்றையும் தலைசுற்றல் என்றே சொல்லிப் பழகிவிட்டோம். ரத்த அழுத்தம் இறங்கினால் தலை லேசாகும், கண் இருட்டும். வீடு சுற்றினால் பெரும்பாலும் விவகாரம் சமநிலை உறுப்பில். முதலில் போன மருந்தகத்தில் இந்த வித்தியாசத்தை யாரும் கேட்கவில்லை. பிரஷர் பார்த்தார்கள், சரியாக இருந்தது. மாத்திரை தந்தார்கள், தூக்கம்தான் வந்தது.

ஒரு வாரம் கழித்து இன்னோரிடத்தில், உடற்பயிற்சிச் சிகிச்சை செய்யும் பெண் அம்மாவை உட்கார வைத்து, தலையை வலப்பக்கம் 45 பாகை திருப்பி, அப்படியே வேகமாகப் பின்னால் படுக்க வைத்துக் கண்களையே பார்த்தார். இரண்டு மூன்று விநாடி ஒன்றுமில்லை. பிறகு அம்மாவின் விழிகள் திருகுவதுபோல் துள்ளத் தொடங்கின. அரை நிமிடத்தில் அடங்கிவிட்டன.

யூட்ரிக்கிளில் இருக்க வேண்டிய படிகங்கள் கொஞ்சம் கழன்று வலது பின்குழலுக்குள் புகுந்திருந்தன. பின்குழல் பள்ளமான இடம், விழுந்த பொருள் அங்கேதான் தங்கும். படுத்தவுடன் படிகங்கள் குழலுக்குள் மூழ்கி இறங்க, கூடவே நீரும் இழுபட்டுத் திரை வளைகிறது. தலை நின்ற பிறகும் இறங்கிக்கொண்டே இருக்கின்றன. வலது பின்குழல் 'சுற்றுகிறேன்' என்று கத்துகிறது. அதன் ஜோடியான இடது முன்குழல் 'நான் சும்மாதானே இருக்கிறேன்' என்கிறது. மத்தின் ஒரு கை இழுக்கிறது, மறு கை அசையவே இல்லை. கண் அந்தக் கத்தலை நம்பி ஓடுகிறது. கண் ஓடினால் வீடு ஓடும்.

அப்புறம் அந்தப் பெண் தலையை மெதுவாக இடப்பக்கம் திருப்பினார், கொஞ்ச நேரம் நிறுத்தினார், உடம்போடு இடப்பக்கம் புரட்டி முகம் தரையைப் பார்க்கும்படி வைத்தார், பிறகு எழுப்பி உட்கார்த்தினார். குழலின் வளைவை ஒட்டியே படிகங்களை உருட்டி யூட்ரிக்கிளுக்குள் திருப்பிவிடும் வித்தை இது. அமெரிக்க மருத்துவர் ஜான் எப்ளி இதை 1992இல் கட்டுரையாக வெளியிட்டார், அவர் பெயரிலேயே வழங்குகிறது. அம்மாவுக்குப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. எல்லாருக்கும் ஒரே அமர்வில் சரியாகும் என்று சொல்ல மாட்டேன். சிலருக்குத் திரும்ப வரும். சுற்றலோடு வாய் கோணினாலோ, பேச்சு குழறினாலோ, கைகால் மரத்தாலோ, பார்ப்பது இரண்டிரண்டாகத் தெரிந்தாலோ காதைச் சந்தேகிக்க நேரமில்லை, ஆம்புலன்ஸுக்கு 995ஐ அழையுங்கள்.

கடைசியாக, தைப்பூசத்தன்று என் அக்கா மகள் கேட்ட கேள்வி. சிராங்கூன் ரோட்டில் ஓரமாக நின்றுகொண்டிருந்தோம். சீனிவாசப் பெருமாள் கோயிலிலிருந்து வந்த ஒருவர் பெரிய காவடியோடு எங்கள் எதிரே நின்று சுழன்று ஆடினார். "மாமா, அந்த அண்ணனுக்குத் தலை சுத்தாதா?"

சுற்ற வேண்டும்தான். சீன உணவகத்தில் வட்ட மேசையின் சுழல்தட்டில் தே கோப்பையை வைத்து விடாமல் சுற்றினால், கொஞ்ச நேரத்தில் தேயும் கோப்பையின் வேகத்தைப் பிடித்துவிடும். தட்டை நிறுத்தினால் கோப்பை நிற்கும், தே சுற்றும். காதிலும் அப்படியே. ஒரே வேகத்தில் சுற்றிக்கொண்டிருந்தால் சுமார் ஐந்தாறு விநாடியில் திரை நிமிரத் தொடங்கிவிடுகிறது. மூளை அந்தச் செய்தியைச் சேமித்து வைத்து இன்னும் பத்துப் பதினைந்து விநாடி நீட்டிக்கும். நின்றவுடன் நீர் ஓடுகிற ஓட்டத்தில் திரை எதிர்ப்பக்கம் வளையும், எதிர்த்திசையில் சுற்றுவதாகத் தோன்றும். பாலே ஆடுபவர்கள் ஒரு புள்ளியில் பார்வையை நிறுத்தி, தலையைக் கடைசியில் வெட்டித் திருப்பிச் சமாளிக்கிறார்கள். அவர்களுடைய சிறுமூளையும் பல வருடப் பயிற்சியில் இந்தச் செய்தியைக் குறைத்து எடுத்துக்கொள்ளப் பழகுகிறது என்று லண்டன் இம்பீரியல் கல்லூரி ஆய்வாளர்கள் 2013இல் காட்டினார்கள். தோளில் காவடி, கன்னத்தில் அலகு என்று நிற்பவருக்குத் தலையை வெட்டித் திருப்ப ஏது இடம்?

கவனித்துப் பார்த்தேன். அவர் ஒரே பக்கமாகச் சுற்றிக்கொண்டே இருக்கவில்லை. வலப்பக்கம் ஒரு சுற்று, அப்படியே நிறுத்தி இடப்பக்கம் ஒரு சுற்று. வலப்பக்கம் போனபோது வளைந்த திரை, இடப்பக்கம் வரும்போது அதே அளவு திரும்பிவிடுகிறது. எந்தக் காதிலும் கடன் ஏறுவதில்லை. மற்றதைப் பயிற்சியும் விரதமும் பார்த்துக்கொள்ளும்.

அன்று மாலை எங்கள் அடுக்குமாடி புளோக்குக் கீழே அவள் பரிசோதனை நடத்தினாள். கையை விரித்து ஒரே பக்கமாகப் பத்துத் தட்டாமாலை. நின்றவள் தள்ளாடி வந்து என் மேல் விழுந்தாள். கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு மறுபடி பத்து, இந்த முறை ஒன்று வலம், ஒன்று இடம். நேராக நின்று சிரித்தாள். இன்னொரு தடவை, இன்னொரு தடவை என்று நீண்டுகொண்டே போனது. கல்பெஞ்சில் உட்கார்ந்திருந்த அம்மா கண்ணை மூடிக்கொண்டார்.

"போதும்டி. பாக்குற எனக்குத்தான் இப்ப வீடு சுத்துது."